வினைமுற்றி மீண்டவர்: படைவீரரின் இரண்டாம் தொழிலும் தன்னடையாளமும்

சங்க இலக்கியத்தை அகம் எனவும் புறம் எனவும் பகுத்துக் கற்பிக்கும் நாம், போர் முடிந்தபின் வீரன் என்ன ஆனான் என்னும் வினாவை மாணவரிடம் எழுப்புவது அரிது. தொல்காப்பியம் புறத்திணைகளை வெட்சி முதல் பாடாண் ஈறாக ஏழாக வகுத்துள்ளது. ஆநிரை கவர்தல், மண் கருதிச் செல்லுதல், மதில் முற்றுதல் எனப் போரின் நிலைகள் பலவற்றிற்கும் அது பெயர் சூட்டியுள்ளது. களத்தில் வீழ்ந்தவனுக்குக் கல் நடும் முறையைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என ஆறு படிகளாக உரைத்துள்ளது. அத்தகைய நடுகற்கள் பலவற்றை எம் வட்டாரத்தை அடுத்த செங்கம் பகுதியில் இன்றும் காணலாம்.

வீழாமல் மீண்டவனுக்கு இடம் தந்தது முல்லைத்திணை. வினைமுற்றிய தலைவன் பாகனை நோக்கித் தேரை விரைந்து செலுத்துமாறு வேண்டுகிறான். தலைவி அவன் வரவை எண்ணி ஆற்றியிருக்கிறாள். நப்பூதனாரின் முல்லைப்பாட்டும் மீண்டு வரும் தலைவனின் வருகையை உணர்த்தும் ஒலியோடுதான் நிறைவுறுகிறது. அத்தேர் வாயிலில் வந்து நின்ற மறுநாள் காலையில் அவன் என்ன தொழில் செய்தான் என்பதைப் பாடல் கூறவில்லை. கூற வேண்டிய தேவையும் அதற்கு இல்லை. பாட்டுடைத் தலைவன் பெரும்பாலும் நிலமும் குடியும் உடையவன். ஊதியம் பெற்றுப் பணியாற்றி, குறித்த நாளில் விடுவிக்கப்பட்டு, வீடு திரும்பும் இக்காலப் படைவீரனுக்கோ அம்மறுநாள் காலையே வாழ்வின் பெருவினாவாக அமைகிறது. அவ்வினாவைக் குறித்துச் சில கருத்துகளை ஈண்டு முன்வைக்க விழைகிறோம்.

முப்பத்தேழு வயதில் ஒரு முடிவு

இந்திய முப்படைகளிலிருந்தும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 60,000 பேர் பணி நிறைவு பெற்று வெளிவருகின்றனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் அதிகாரி நிலையினர் அல்லர்; சிப்பாய், நாயக், அவில்தார் முதலிய நிலைகளில் பணியாற்றியோர். படை என்றும் இளமையோடு இருத்தல் வேண்டும் என்பதற்காகவே அவர்கள் முன்னதாக விடுவிக்கப்படுகின்றனர். பழைய முறைப்படி சேர்ந்த வீரர் 15 ஆண்டுப் பணி நிறைந்ததும் ஓய்வூதியத்திற்கு உரியவராகிறார். 18 அல்லது 20 வயதில் சேர்ந்தவர் 35 வயதைக் கடந்து சில ஆண்டுகளில் பெட்டியோடு ஊர் திரும்புகிறார். அவ்வயதில் கல்லூரி ஆசிரியர் தம் பணியில் அப்போதுதான் வேரூன்றியிருப்பார். வணிகர் தம் கடையை விரிவுபடுத்திக்கொண்டிருப்பார். படைவீரரோ, பிள்ளைகள் பள்ளியில் பயிலும் பருவத்தில், தம் தொழிலை முடித்துவிட்டவராக ஊருக்குள் நுழைகிறார்.

வேலூர் மாவட்டத்தார்க்கு இது செவிவழிச் செய்தி அன்று. வீட்டுக்கொருவர் படைக்குச் செல்லும் வழக்கத்தால் 'இராணுவப்பேட்டை' என்றே வழங்கப்பெறும் கம்மவான்பேட்டை இம்மாவட்டத்தில்தான் உள்ளது. எம் வகுப்புகளில் படைவீரர் வீட்டுப் பிள்ளைகள் இல்லாத ஆண்டு இல்லை எனலாம். எம் குடும்பத்திலும் ஒருவர் இருந்தார். அவரைப் பற்றிக் கூறாமல் இக்கட்டுரையை எழுதவியலாது.

எம் தாய்மாமன் படையில் அவில்தாராக இருந்தவர். ஒரு கம்பெனியைச் சேர்ந்த நூற்றுக்கும் மேற்பட்டோரின் உணவுப்பொருள், உடை, படுக்கை, கூடாரம் அனைத்தையும் வரவு வைத்து, வழங்கி, கணக்கு முடித்துக் காட்டுவது அவர் பொறுப்பு. 17 ஆண்டுப் பணிக்குப்பின் 1994ஆம் ஆண்டில் ஊர் திரும்பினார். பெயரும் படை எண்ணும் வெள்ளை வண்ணத்தில் எழுதப்பட்ட கறுப்புத் தகரப் பெட்டியொன்று அவருடன் வந்தது. ஆறு மாதங்கள் வேலை தேடியபின் ஒரு மொத்த வணிக நிறுவனத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. வாயிற்காவல் வேலை அது.

அந்நிறுவனத்தின் கிடங்கில் எந்தச் சரக்கு எங்கே உள்ளது என்பதை எவரும் அறியார். மாமா அதை நாள்தோறும் வாயிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒருமுறை கிடங்குக் கணக்கர் நோயுற்று மூன்று வாரம் வரவில்லை. வேறு வழியின்றி முதலாளி, "அவில்தார் பாய், கொஞ்சம் உள்ளே பாத்துக்குங்க" என்றார். மூன்றே வாரத்தில் மாமா சரக்குகளை இனவாரியாக அடுக்கி, ஒவ்வோர் அடுக்குக்கும் அட்டை எழுதி மாட்டி, இருப்பையும் ஏட்டையும் ஒப்பிட்டு முடித்தார். கணக்கர் உடல்நலம் தேறி வந்தார். மாமா மீண்டும் வாயிலுக்குச் சென்றார். அவரை உள்ளேயே வைத்துக்கொள்ளலாம் என்று முதலாளிக்கும் தோன்றவில்லை. கேட்கலாம் என்று மாமாவுக்கும் தோன்றவில்லை.

அப்போது பள்ளி மாணவராயிருந்த யாம், "ஏன் மாமா, நீங்க கேட்டிருக்கலாமே?" என்று வினவியதுண்டு. "கொடுத்த இடத்துல நிக்கிறதுதான்டா நமக்குப் பழக்கம்" என்றார். அவ்விடையின் பொருள் எமக்கு விளங்கப் பல ஆண்டுகள் ஆயின.

'முன்னாள்' என்னும் அடைமொழி

சொல்லாராய்ச்சி தமிழாசிரியர்க்கு இயல்பானது. ஆசிரியர் பணி நிறைவுற்றால் அவரை 'ஓய்வு பெற்ற ஆசிரியர்' என்கிறோம். ஓய்வு என்பது ஒரு நிலையைக் குறிக்கும் சொல். உழைத்து முடித்து அமர்ந்திருப்பவர் என்னும் பொருள் அதில் உண்டு. படைவீரரையோ 'முன்னாள் படைவீரர்' என்கிறோம். 37 வயதினரை ஓய்வு பெற்றவர் என்பது பொருந்தாமையின் அச்சொல் வழக்கில் நிலைபெற்றிருக்கலாம். ஆனால் 'முன்னாள்' என்பது அவர் யாராக இருந்தார் என்று கூறுமேயன்றி, இன்று யாராக இருக்கிறார் என்று கூறாது. கல்லூரிச் சேர்க்கைப் படிவத்தில் 'தந்தையின் தொழில்' என்னும் இடத்தில், பத்தாண்டுகளாக வேறொரு வேலையில் இருக்கும் தந்தையரும் 'முன்னாள் இராணுவத்தினர்' என்றே எழுதுவதைப் பலமுறை கண்டிருக்கிறோம். செய்யும் வேலை அவர்க்கு ஊதியம் தருகிறது. பெயரை இன்னும் பழைய வேலையே தருகிறது.

அமெரிக்கச் சமூகவியலறிஞர் எலன் ரோஸ் ஈபாவ் 1988இல் வெளியிட்ட நூலொன்றில், ஒரு பாத்திரத்தை விட்டு நீங்கியோர் 'முன்னாளர்' ஆகும் முறையை ஆராய்ந்தார். அவரே முன்பு துறவு மடத்தில் கன்னியராக இருந்து வெளிவந்தவர். முதலில் ஐயம் தோன்றுதல், பின் மாற்று வழி தேடுதல், பின் ஒரு திருப்புமுனை, இறுதியில் 'முன்னாளர்' என்னும் புதுநிலையை அமைத்துக்கொள்ளுதல் என நான்கு படிகளை அவர் காட்டினார். இதனைப் படைவீரரோடு பொருத்திப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். தம் தொழிலில் ஐயம் தோன்றியதால் வெளிவருவோர் அவருள் குறைவு. நாட்காட்டி குறித்த நாளில் வெளிவருவோரே மிகுதி. ஆகவே முதலிரு படிகளை மிதிக்காமலே அவர் இறுதிப் படியில் நிறுத்தப்படுகிறார். மனம் விலகுமுன் உடல் விலகிவிடுகிறது.

தோளில் எழுதிய தகுதி

படைத்தொழில் ஏனைய தொழில்களைவிட மனிதனை ஆழமாகப் பற்றிக்கொள்வதற்குக் காரணங்கள் உண்டு. அங்கு ஒருவரின் தகுதி அவர் தோளிலும் கையிலும் பொறிக்கப்பட்டிருக்கும். பார்த்த அளவில் எவரும் அறிவர். துயிலெழும் நேரம், உண்ணும் நேரம், முடி வெட்டும் அளவு யாவும் வரையறுக்கப்பட்டவை. உடன் உண்பவரும் உறங்குபவரும் இடரில் துணை நிற்பவரும் ஒருவரே. அங்கு 'நான்' என்னும் சொல்லுக்கு வேலை குறைவு, எல்லாம் 'நாங்கள்'தான்.

வெளியுலகின் முறை இதற்கு நேர்மாறானது. இங்குத் தகுதியைத் தாமே எழுதிக் கொடுக்க வேண்டும். நேர்முகத்தேர்வில் தம் திறமையைத் தாமே எடுத்துரைக்க வேண்டும். 'நான் இதைச் செய்தேன்' என்று கூறுவதைப் பெருமையடித்தல் என்று கருதிப் பழகியவர், 'எங்கள் பிரிவு செய்தது' என்கிறார். கேட்பவரோ, இவர் தனியாக எதுவும் செய்யவில்லை போலும் என்று எண்ணிக்கொள்கிறார். மாமாவின் விடையில் இருந்ததும் இப்பழக்கமே. அது அடிமைத்தனம் அன்று. 17 ஆண்டுகள் அவரைக் காத்த ஒழுக்கம். ஒழுக்கம் அதே, சூழல்தான் மாறிவிட்டது.

ஆல்பிரட் சூட்ஸ் என்னும் அறிஞர் முதல் உலகப் போரில் ஆஸ்திரியப் படையில் பணியாற்றியவர். 'வீடு திரும்புவோன்' என்னும் பொருளில் 1945ஆம் ஆண்டு அவர் எழுதிய கட்டுரை, உறக்க நிலையில் தன் நாட்டில் கொண்டுவந்து விடப்பட்டு, விழித்தெழுந்து அதனை அடையாளம் காணாமல் திகைத்த கிரேக்கக் காப்பிய வீரன் ஒடிசியசை நினைவூட்டித் தொடங்குகிறது. திரும்பியவனும் பழையவன் அல்லன். வீடும் பழைய வீடன்று என்பது அவர் காட்டும் உண்மை. வீரன் தனக்கே உரியதெனக் கருதும் அனுபவத்தை வீட்டிலுள்ளோர் பொதுவான 'பட்டாளத்து வாழ்க்கை' என்னும் ஒரே அச்சில் வார்த்துவிடுகின்றனர் என்றும் அவர் விளக்கினார்.

நம் சமுதாயம் வார்த்து வைத்திருக்கும் அச்சு எது? துப்பாக்கி ஏந்தியவர், நாணயமானவர், நேரம் தவறாதவர் என்பதே. இது மதிப்பான அச்சுதான். ஆனால் இம்மதிப்பே அவரை வங்கி வாயிலிலும் பணம் வழங்கும் எந்திர அறையின் வாயிலிலும் அடுக்ககத்தின் வாயிலிலும் கொண்டுபோய் நிறுத்துகிறது. காவற்பணி இழிந்ததன்று. அதை விரும்பி ஏற்போரும், அதில் சிறந்து மேற்பார்வையாளராக உயர்ந்தோரும் உளர். வேறொன்றும் கேட்கப்படாமலே எல்லோரும் அங்கு அனுப்பப்படுவதுதான் குறை.

படைச்சொல்லும் ஊர்ச்சொல்லும்

படை என்பது போரிடுவோர் மட்டுமே கூடிய இடமன்று. பல தொழில்கள் ஒருங்கே இயங்கும் ஒரு நகரம் அது. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் பொறியாளர் குழுமத்தின் வீரர் பாலம் அமைப்பர், பாதை வகுப்பர், கண்ணிவெடி அகற்றுவர். மின்னணு, எந்திரப் பொறியியல் பிரிவினர் ஊர்திகளையும் கருவிகளையும் பழுது பார்ப்பர். சமிக்ஞைப் பிரிவினர் தொலைத்தொடர்பை நடத்துவர். மருத்துவப் பிரிவின் செவிலி உதவியாளர் காயத்துக்கு முதற்கட்டுப் போடுவது முதல் நோயாளியைக் கண்காணிப்பது வரை அறிவார். பனி உறைந்த மலைப்பாதையில் சரக்குந்து வரிசையை ஓட்டிச்சென்றவருக்கு நம் நெடுஞ்சாலைகள் எம்மாத்திரம்? பத்துப் பேர் அளவிலான பிரிவை வழிநடத்தும் அவில்தார், நாள்தோறும் வேலை பங்கிட்டு, இளையோரைப் பயிற்றி, பிணக்குத் தீர்த்துப் பழகியவர்.

இவற்றுள் ஒன்றேனும் நம் நிறுவனங்களுக்குத் தேவையற்றது அன்று. தேவையறிந்தும் அவரை அழைக்காமைக்குக் காரணம் மொழிபெயர்ப்பு இன்மையே எனத் துணிந்து கூறலாம். 'கம்பெனி குவார்ட்டர் மாஸ்டர் அவில்தார்' என்று தன்விவரக் குறிப்பில் எழுதினால் வணிகர்க்கு ஒன்றும் விளங்காது. 'நூற்றுக்கு மேற்பட்டோர்க்கான பண்டகசாலையை நிருவகித்து, ஆண்டுத் தணிக்கைக்குக் கணக்குக் காட்டியவர்' என்று எழுதினால் உடனே விளங்கும். இரண்டும் ஒருவரே, சொல்தான் வேறு. மாமாவின் பெட்டிக்குள் இருந்த பணிவிடுப்பு ஏட்டை முதலாளிக்கு விளங்கும் மொழியில் யாரேனும் எழுதிக் கொடுத்திருந்தால், அவர் முதல் நாளே வாயிலைக் கடந்து உள்ளே சென்றிருக்கக்கூடும்.

அரசு செய்தனவும் எஞ்சியனவும்

அரசு வாளாவிருந்துவிடவில்லை என்பதையும் கூறுதல் கடன். மத்திய அரசின் 'சி' பிரிவுப் பணிகளில் முன்னாள் படைவீரர்க்கு 10 விழுக்காடும், பொதுத்துறை வங்கிகள், நிறுவனங்களின் அதே பிரிவில் 14.5 விழுக்காடும் ஒதுக்கப்பட்டுள்ளன. படையில் பணியாற்றிய காலத்தை வயதிலிருந்து கழித்து, மேலும் 3 ஆண்டுச் சலுகையும் தரப்படுகிறது. பத்தாம் வகுப்புத் தேறி 15 ஆண்டுகள் பணியாற்றியவரை, பட்டப்படிப்பைத் தகுதியாகக் கோரும் 'சி' பிரிவுப் பணிகள் சிலவற்றுக்கு உரியவராகக் கருத விதியுண்டு. பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் மறுகுடியமர்வுத் தலைமை இயக்ககம் பணி நிறைவுக்கு முன்னரே தொழிற்பயிற்சிகளை நடத்துகிறது. தமிழ்நாட்டில் 1986இல் தொடங்கப்பெற்ற முன்னாள் படைவீரர் கழகமாகிய டெக்ஸ்கோ பலருக்கு வேலை தந்துள்ளது. மாவட்டந்தோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகமும் உண்டு.

இவை வேலைக்கு வழி காட்டுகின்றன. புதிய தன்னடையாளத்திற்கு வழி காட்டுவது வேறொரு பணி. அதற்கு எடுத்துக்காட்டாக அமெரிக்க நாட்டில் 1944ஆம் ஆண்டு நிறைவேறிய படைவீரர் மறுசீரமைப்புச் சட்டத்தைக் கூறலாம். 1956ஆம் ஆண்டிற்குள் ஏறத்தாழ 78 லட்சம் வீரர் அதன்வழிக் கல்வியோ பயிற்சியோ பெற்றனர். அவருள் ஏறத்தாழ 22 லட்சம் பேர் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் பயின்றனர். கறுப்பின வீரர்க்கு அப்பயன் சமமாகக் கிட்டவில்லை என்பது அதன் பெருங்குறை. ஆயினும் அச்சட்டத்தில் நாம் கருதத்தக்க நுட்பம் ஒன்று உள்ளது. போரிலிருந்து மீண்டவர் 'முன்னாள் வீரர்' என்னும் பெயரோடு மட்டும் நில்லாமல் 'மாணவர்' என்னும் பெயரையும் பெற்றார். பழைய கரையிலிருந்து புதிய கரைக்குச் செல்ல இடையில் ஓர் ஓடம் கிடைத்தது.

நம் கல்லூரி வாயிலில்

இவ்வோடத்தின் தேவை வருங்காலத்தில் பெருகும். 2022 ஜூன் மாதத்தில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தின்படி, பதினேழரை முதல் 21 வயது வரையிலான இளைஞர் நான்காண்டுப் பணிக்குச் சேர்க்கப்படுகின்றனர். அவருள் 25 விழுக்காட்டினர் வரை தொடர்ந்து பணியாற்ற வாய்ப்புப் பெறுவர் என்றும், ஏனையோர் ஒரு தொகையுடன் ஓய்வூதியமின்றி வெளிவருவர் என்றும் திட்டம் கூறியது. 2022 இறுதியிலும் 2023 தொடக்கத்திலும் பயிற்சிக்குச் சென்ற முதல் அணியினரின் நான்காண்டு, 2026 இறுதியை ஒட்டி நிறைவுறும் கணக்காகும். இத்திட்டத்தின் நன்மை தீமைகளை ஆராய்வது நம் நோக்கமன்று. ஆனால் மாமா 37 வயதில் எதிர்கொண்ட வினாவை இனி இருபதுகளின் தொடக்கத்திலேயே பலர் எதிர்கொள்வர். அவருள் சிலர் நம் வகுப்பறையிலேயே வந்து அமரக்கூடும்.

அவ்வாறு வருவோர்க்கு மாணவராகிய நீங்கள் நண்பராகுங்கள். உங்களினும் மூன்று நான்கு ஆண்டு மூத்த அவர், வகுப்பில் ஆசிரியர் நுழையும்போது விறைப்பாக எழுந்து நிற்பதைக் கண்டு நகையாடாதீர்கள். 'எத்தனை பேரைச் சுட்டீர்கள்' என்னும் வினா வேண்டவே வேண்டா. 'அங்கு உங்கள் வேலை என்ன' என்று கேளுங்கள். உங்கள் தந்தையரே முன்னாள் வீரராயின், ஒரு மாலைப்பொழுது அவர் அருகமர்ந்து, அவர் செய்தவற்றை ஊரார்க்கு விளங்கும் தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். தமிழ் பயின்றதன் பயன்களுள் அதுவும் ஒன்று.

ஆசிரியராகிய நாம், மாலை நேர வகுப்புகளிலும் தொலைநிலைக் கல்வியிலும் இவர்க்கு வழிகாட்டலாம். கடைகளும் தோல் தொழிற்சாலைகளும் மருத்துவமனைகளும் பள்ளிகளும் நடத்தும் சமுதாயப் பெரியோர்க்கு எம் வேண்டுகோள் ஒன்றே. முன்னாள் வீரர் ஒருவர் வேலை கேட்டு வந்தால், வாயிலைக் காட்டுமுன் அவர் பணிவிடுப்பு ஏட்டை ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

வீரர்க்கும் ஒரு கடமை உண்டு. உடன் பணிபுரிவோரைப் பயிற்சிக்கு வந்த புதியோராகக் கருதி ஆணையிடுவதும், 'எங்கள் பட்டாளத்தில் இப்படியில்லை' என்று நாள்தோறும் ஒப்பிடுவதும் புதிய இடத்தில் வேர்விடத் தடையாகும். பழைய பெருமையைத் துறக்க வேண்டுவதில்லை. அதன் நிழலிலேயே நின்றுவிடாதிருந்தால் போதும்.

நிறைவாக

கட்டுரையின் தொடக்கத்தில் புறத்திணைகளைக் குறித்தோம். அவற்றுள் வாகை என்பது போர் வெற்றியைக் குறிப்பது என்றே பலரும் கருதுவர். தொல்காப்பியரின் வாகையோ அதனினும் விரிந்தது. அரசர் முதலாகப் பல திறத்தாரும் தத்தமக்குரிய செயலில் மேம்பட்டு விளங்குவதையும் அவர் வாகையாகவே கொண்டார். களத்தில் மட்டுமன்றிக் கழனியிலும் கல்வியிலும் வாகை உண்டு. கிடங்கிலும் உண்டு என்று நாம் சேர்த்துக்கொள்ளலாம்.

மாமா சில ஆண்டுகளுக்கு முன் காலமானார். கறுப்புப் பெட்டி இப்போது எம் வீட்டில் உள்ளது. அதன் அடியில் பணிவிடுப்பு ஏட்டோடு, நூலால் கட்டிய அட்டைகள் சிலவும் இருந்தன. அந்த மூன்று வாரத்தில் கிடங்கு அடுக்குகளுக்கு எழுதி எஞ்சிய அட்டைகள் அவை. பதக்கத்தைப் போல அவற்றையும் அவர் காத்து வைத்திருந்தார் என்பதை அன்றுதான் அறிந்தோம்.